தழும்பின் மேல் இருபது நிமிடம்

மிஷன் வீடு,
பண்டாரவளை.
06.10.2024

அன்புள்ள அக்கா யோசப்பினுக்கு,

ஷாமினியும் பிள்ளையும் நானும் சுகம். உங்கள் கை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அங்கும் சுகமாக இருக்கவேண்டும் என்பது எங்கள் மூவரின் தினசரி மன்றாட்டு.

போனில் கதைக்காமல் கடிதம் எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். இந்த மிஷன் வீடு பள்ளத்துக்குள் இருக்கிறது. சிக்னல் வேண்டுமென்றால் தண்ணீர்த் தொட்டியடி வரை ஏறவேண்டும். அப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு கூப்பிட்டால், "ஓம், சுகம், வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். ஜூலையில் சைக்கிளோடு விழுந்து மணிக்கட்டு முறிந்ததையே, பிளேட் வைத்துத் தைத்து மூன்றாம் நாள்தான் எனக்குச் சொன்னீர்கள். போனில் உங்களை நம்ப முடியாது. கடிதம்தான் சரி.

போன கிழமை டொக்டர், பன்னிரண்டு கிழமையாகியும் எலும்பு பொருந்தவில்லை, சனவரி முடிவுக்குள் பொருந்தாவிட்டால் இடுப்பெலும்பில் ஒரு துண்டு எடுத்து வைத்து மறுபடியும் ஒப்பரேஷன் என்று சொன்னாரே. அதைக் கேட்ட நாள் தொடக்கம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாக உங்கள் கடையில் துணி வெட்டுவது நீங்கள் ஒருவர்தான். தைப்பதற்கு ஆள் பிடிக்கலாம். வெட்டுவதற்கு யாரைப் பிடிப்பது?

இப்போது நல்ல செய்தி. எங்கள் சபையில் திருமதி எமில்ராஜ் என்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கால் எலும்பு ஆறு மாதம் பொருந்தாமல் கிடந்ததாம். கொழும்பில் இருக்கும் மகள் அல்ட்ராசவுண்ட் மெசின் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துப் பார்க்கிற அதே இனத்து ஒலி அலைதான். ஆனால் இது படம் காட்டாது. எலும்பைத் தட்டி எழுப்பி வளரச் செய்யுமாம். இப்போது அவர் படியேறி இறங்குகிறார். நான் வாய் திறந்து கேட்கமுன்னமே, "கொண்டு போங்கோ பாஸ்ரர்" என்று பெட்டியோடு தந்துவிட்டார். உங்கள் டொக்டரும் போன கிழமை இந்த மாதிரி மெசினைப் பற்றி, "செய்து பார்க்கலாம், கெடுதல் இல்லை, உறுதியும் தரமாட்டன்" என்று சொன்னார்தானே. அது எனக்குப் போதும்.

புத்தகம் முழுக்க இங்கிலீசு. எங்கள் வீட்டு வழமைப்படி அதைத் தமிழில் எழுதித் தனித்தாளாக வைத்திருக்கிறேன். மெசினின் வட்டமான முகத்தில் பசையைப் பூசி, ஒப்பரேஷன் தழும்பின் நடுவில் வைத்து, பட்டியால் கட்டி, நாளுக்கு ஒருதரம் இருபது நிமிடம். ஒருநாளும் தவறக்கூடாது.

மாதம் ஒரு பக்கமாவது உங்கள் வலது கையால் எழுதி அனுப்புங்கள். டொக்டருக்கு எக்ஸ்ரே, எனக்கு உங்கள் எழுத்து.

என்றும் பதகளிப்போடு,
உங்கள் தம்பி ஜொனதன்

*

அச்சுவேலி.
19.10.2024

அன்புத் தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன், சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். இதற்குமேல் சுகம் விசாரிக்காதே.

எழுத்தைப் பார்த்தாய்தானே? கோழி கிளறினது போல இருக்கிறது. இந்த நாலு வரிக்கும் மூன்று முறை பேனையைக் கீழே வைத்துவிட்டேன். உனக்கு எக்ஸ்ரே வேண்டுமென்றால் இதுதான் எக்ஸ்ரே.

மெசின் வந்து சேர்ந்தது. சவர்க்காரப் பெட்டி அளவில் இருக்கிறது. சத்தம் இல்லை, சூடு இல்லை, அதிர்வும் இல்லை. வேலை செய்கிறதா என்று பார்க்கக் காதில் வைத்துப் பார்த்தேன். தயாளினி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளை உனக்குத் தெரியாது. இடைக்காட்டுப் பிள்ளை, மூன்று வருடமாக என் கடையில் தைக்கிறாள். தையல் நேர்த்தி, வாய் அதைவிட நேர்த்தி. "அன்ரி, அது உங்களோடை கதைக்காது, எலும்போடைதான் கதைக்கும்" என்கிறாள்.

நீ எழுதிய தாளைத் தையல் மெசினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறேன். பின்னேரம் நாலரைக்குத் தேத்தண்ணி குடித்துவிட்டு இருபது நிமிடம் கையை நீட்டிக்கொண்டு இருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டுப் போகிற சனம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். முந்தநாள் ஒரு கர்ப்பிணி வந்து, "அன்ரி, எனக்கும் ஒருக்கால் வைச்சு என்ன பிள்ளை எண்டு பாருங்கோவன்" என்று கேட்டாள். எங்கள் ஊருக்கு ஒன்று கிடைத்தால் போதும்.

முன்பே வெட்டி வைத்திருந்த துணிகள் இந்தக் கிழமையோடு முடிகின்றன. புதுத் துணி கொண்டு வருகிறவர்களிடம் தை மாதம் வரச்சொல்கிறேன். "கை சரிவரட்டும், நாங்கள் பொறுக்கிறம்" என்கிறார்கள். எவ்வளவு நாளைக்குப் பொறுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஷாமினியின் தடிமனும் இருமலும் சுகமா? பிள்ளையைக் குளிருக்குள் விடாதே.

அக்கா

*

பண்டாரவளை.
03.11.2024

அன்புள்ள அக்கா,

சுகம், சுகமே விரும்பும் தம்பி எழுதுவது.

உங்கள் எழுத்தைப் பார்த்து நெஞ்சு இடித்தது. என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்கு அச்சுப்போல உறை எழுதித் தந்த கை அல்லவா? ஷாமினி, "மூண்டு மாதத்திலை எழுதினதே பெரிசு, சும்மா இருங்கோ" என்கிறாள். சும்மா இருப்பது எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள். விரல்கள் குளிர்ந்து போகின்றனவா? பசை முடிந்துவிட்டதா? ஒருநாளாவது தவறியதா? மெசின் இருபது நிமிடத்துக்கு முன் நின்றதா? பால் குடிக்கிறீர்களா? சின்ன மீன் கிடைக்கிறதா? துணி மூட்டை தூக்கவில்லைதானே?

ஒன்றை முடிவாகச் சொல்கிறேன். எலும்பு பொருந்தாவிட்டால் யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்கப்போகிறேன். அம்மா போன பிறகு உங்களுடைய படிப்பை நிறுத்தி என்னைப் படிக்க வைத்தவர் நீங்கள். உங்களை ஒற்றைக் கையோடு விட்டுவிட்டு நான் இங்கே பிரசங்கம் செய்துகொண்டு இருக்க முடியாது.

கர்த்தர் காப்பார். நீங்களும் கொஞ்சம் காத்துக்கொள்ளுங்கள்.

ஜொனதன்

*

அச்சுவேலி.
22.11.2024

அன்புத் தம்பி,

நலம். மழை விடாமல் கொட்டுகிறது. கடைக்குள் ஒரு மூலையில் ஒழுக்கு, வாளி வைத்திருக்கிறேன்.

குளிரவில்லை, முடியவில்லை, தவறவில்லை, நிற்கவில்லை, குடிக்கிறேன், கிடைக்கிறது, தூக்கவில்லை. உன் ஏழு கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று.

மாற்றம் கேட்கிற கதையை விடு. பிள்ளையை இந்த வருடம்தான் அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாய். எனக்காக நீ ஓடி வந்தால் அதையும் நான்தான் சுமக்கவேண்டும்.

ஒரு சந்தேகம். இந்தத் தழும்பு உள்ளங்கைப் பக்கம் இருக்கிறது. அதற்கு நேர் கீழேதான் பிளேட் இருக்கிறது, எக்ஸ்ரேயில் பார்த்தேன். நான் உன்னைப்போலப் படித்தவள் இல்லை. ஆனால் துணிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் இடையில் தகரத்தை வைத்தால் மடிப்பு எடுபடாது என்பது எனக்குத் தெரியும். சத்தம் அந்த இரும்பைத் தாண்டி எலும்புக்குப் போகுமா? தழும்பின் நடுவில் வைக்கச் சொல்லித்தான் அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதா? படம் ஏதும் இருந்தால் அதையாவது கீறி அனுப்பு. நான் இங்கே டொக்டரிடம் கேட்கலாம். ஆனால் அடுத்த கிளினிக் சனவரி முப்பதில்தான். இடையில் போனால் வரிசையில் நிற்க ஒரு நாள் போய்விடும்.

தப்பாக நினைக்காதே. கேட்டுப் பார்க்கிறேன்.

அக்கா

*

பண்டாரவளை.
04.12.2024

அன்புள்ள அக்கா,

வெள்ளத்தால் உங்கள் கடிதம் ஒன்பது நாள் பிந்தி வந்தது. அந்த ஒன்பது நாளும் நான் பட்டபாட்டை ஷாமினியிடம் கேளுங்கள். இங்கே எல்லோரும் சுகம்.

சந்தேகமே வேண்டாம். புத்தகம் என் மேசையில்தான் கிடக்கிறது. திரும்பத் திறந்து பார்க்கவும் தேவையில்லை. வரிக்கு வரி பார்த்து எழுதினேன், ஒரு சொல்லைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒன்பது வயதில் காணி உறுதிப் பத்திரம் பற்றி வந்த இங்கிலீசுக் கடிதத்தை ஐயாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வந்த எந்தக் கடுதாசியை நான் பிழையாக வாசித்திருக்கிறேன்? இதில் வந்து சந்தேகப்படுகிறீர்களே என்று உண்மையில் கொஞ்சம் மனம் நொந்தது.

ஒலி எங்கேயும் போகும் அக்கா. கோயில் மணி சுவரைத் தாண்டிக் கேட்கவில்லையா? தழும்பின் நடுவில், இருபது நிமிடம், விடாமல் செய்யுங்கள்.

நத்தார் வேலைகள் தலைக்குமேல். நாலு தேயிலைத் தோட்டத்துக்கும் ஆராதனைக்குப் போகவேண்டும். உங்களுக்கு நத்தார் வாழ்த்துகள்.

ஜொனதன்

*

அச்சுவேலி.
08.01.2025

அன்புத் தம்பிக்கும் ஷாமினிக்கும் பிள்ளைக்கும்,

புது வருட ஆசீர்வாதங்கள். நான் நலம், நீங்கள் அனுப்பிய கேக்கும் நலமாக வந்தது.

ஊர்ப் புதினம் கேள். சந்தைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஆயத்த உடுப்புக் கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக்குள் பொம்மை நிறுத்தியிருக்கிறார்கள். தயாளினி அந்தப் பொம்மைக்கு உன் பெயரை வைத்திருக்கிறாள், போதகர் மாதிரிக் கையை விரித்துக்கொண்டு நிற்கிறதாம். நத்தார் ஆராதனையில் பாடகர் குழு இரண்டாம் பாட்டில் தடம் புரண்டது. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு கடைசிவரை பாடி முடித்தார்கள். தயாளினிக்குப் பொங்கல் வருகிறது, மூன்று நாள் லீவு கேட்கிறாள். கடையில் வேலை இல்லாத நேரத்தில் லீவு கேட்க அவளுக்குத் தெரியும்.

கையைப் பற்றி இந்தமுறை கேள்விக்கொத்து அனுப்பாதே. எழுத்தைப் பார், உனக்கே தெரியும்.

அக்கா

*

பண்டாரவளை.
20.01.2025

என் அருமை அக்கா,

தேவனுக்கு ஸ்தோத்திரம்! எல்லோரும் பரமசுகம்!

கடித உறையைப் பார்த்ததும் யாரோ வேறு ஆள் எழுதியது என்று நினைத்தேன். உள்ளே பிரித்தால் வரி நேராகப் போகிறது, எழுத்துகள் ஒன்றையொன்று இடிக்கவில்லை. கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அது கிடக்கட்டும். நவம்பரில் எழுதிய கடிதத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஷாமினிக்குக் காட்டினேன். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

ஞாயிறு ஆராதனையில் இரண்டு கடிதத்தையும் தூக்கிக் காட்டிச் சாட்சி சொன்னேன். திருமதி எமில்ராஜ் முன்வரிசையில் இருந்து அழுதார். ஆராதனை முடிந்ததும் இரண்டு பேர் வந்து, போதகர் எழுதிய அந்தத் தமிழ்த் தாளில் ஒரு பிரதி தரமுடியுமா என்று கேட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

முப்பதாம் திகதி கிளினிக். டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்து என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிப் போடுங்கள். நல்லதுதான் சொல்வார், தெரியும். தெரிந்தும் கலண்டரில் நாளை எண்ணிக்கொண்டிருக்கிறேன். பழக்கதோஷம்.

சந்தோஷத்தில் தள்ளாடும்,
ஜொனதன்

*

பண்டாரவளை.
23.02.2025

அக்கா,

சுகமா? உண்மையாகவே சுகமா?

கிளினிக் முடிந்து மூன்று கிழமைக்கு மேலாகிறது. ஒரு வரி இல்லை. தொட்டியடிக்கு ஏறி ஐந்து தரம் எடுத்தேன். மூன்று தரம் மணியடித்து ஓய்ந்தது. மற்ற இரண்டு தரமும் தயாளினிதான் எடுத்தாள். ஒருதரம், "அன்ரி குளிக்கிறா." மறுதரம், "அன்ரி கோயிலுக்குப் போட்டா." செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு என்ன கோயில்?

உங்கள் சனவரிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். கை சுகம் என்று நீங்கள் ஓரிடத்திலும் எழுதவில்லை. எழுத்தைப் பார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நான்தான் மிச்சத்தைச் சேர்த்து வாசித்துவிட்டேனா?

பயமாக இருக்கிறது அக்கா. எதுவென்றாலும் எழுதுங்கள்.

ஜொனதன்

*

இடைக்காடு.
01.03.2025

மதிப்புக்குரிய பாஸ்ரர் அங்கிளுக்கு,

வணக்கம். நான் யோசப்பின் அன்ரியின் கடையில் தைக்கிற தயாளினி. அன்ரி உயிருக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறா. முதலில் அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மிச்சத்தை வாசிக்க மாட்டீர்கள்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் கடை ஒரே அறை, அன்ரிக்குக் கேட்டுவிடும். சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கியிருக்கிறா. உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் அவவுக்குப் பிரித்துக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "சுகம் எண்டு நாலு வரி எழுதிப் போடுவம், பேனையைத் தா பிள்ளை" என்றா. அப்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சனவரியில் உங்களுக்கு வந்த கடிதம் இடது கையால் எழுதியது. கார்த்திகை மாதம் தொடக்கம் கடை பூட்டின பிறகு, பழைய பில் கொப்பியின் பின்பக்கத்தில் அன்ரி எழுதிப் பழகினவ. எனக்குத் தெரியும், பக்கத்தில் இருந்து கோடு போட்டுக் கொடுத்தவள் நான். வலது கை அப்போதும் பேனை பிடிக்காது. எலும்பு பொருந்தவே இல்லை அங்கிள்.

முப்பதாம் திகதி நான்தான் அவவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிசியோதெரபி செய்கிற செந்தூரன் அண்ணை நாங்கள் கொண்டுபோன மெசினை எடுக்கச் சொல்லி, எப்படி வைக்கிறது என்று கட்டிக் காட்டச் சொன்னார். அன்ரி தழும்புக்கு மேல் வைத்துக் கட்டினா. அவர் உடனே பட்டியை அவிழ்த்தார்.

"இதிலையே இவ்வளவு நாளும் வைச்சனீங்கள்? இதுக்குக் கீழை முழுக்கப் பிளேட் எல்லே? இது எலும்புக்குப் போய்ச் சேராது. மற்றப் பக்கத்தாலை, டொக்டர் அடையாளம் போட்டுத் தாற இடத்திலைதான் வைக்கவேணும். ஆர் உங்களுக்கு இதிலை வைக்கச் சொன்னது?" என்று கேட்டார்.

அன்ரி என்னைப் பார்க்கவும் இல்லை. "ஒருதரும் சொல்லேல்லைத் தம்பி. நான் என்ரை புத்தியிலை வைச்சனான்" என்றா.

எனக்கு வாய் உளைந்தது. உங்கள் தாள் சுவரில் இருந்ததை நாலு மாதம் தினமும் பார்த்தவள் நான். வீட்டுக்கு வந்ததும் அதை உரித்து எடுத்து அடுப்பில் போட்டா. அன்றைக்கு இராச்சாப்பாடு சமைக்கவில்லை.

பெப்ரவரி பதினெட்டில் ஒப்பரேஷன் நடந்தது. இடுப்பில் எலும்பு எடுத்தது, அதனால் நடக்கவும் நோகிறது. நீங்கள் வந்தால் இந்தக் கடிதத்தைப் பற்றிச் சொல்லாதீர்கள். சொன்னாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
தயாளினி

*

பண்டாரவளை.
16.03.2025

அன்புள்ள அக்கா,

நேற்றிரவு சுகமாக வந்து சேர்ந்தேன். பஸ் மஹியங்கனையில் ஒரு மணித்தியாலம் நின்றது.

மூன்று நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். கிணற்றில் தண்ணீர் அள்ளினேன், கடையின் ஒழுக்கை அடைத்தேன், நீங்கள் இடது கையால் பிழிந்து தந்த இடியப்பத்தைச் சாப்பிட்டேன். சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

புத்தகத்தைத் திறந்தேன். ஒக்டோபருக்குப் பிறகு இப்போதுதான் திறக்கிறேன். ஐந்தாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "வைக்கவேண்டிய இடத்தை உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரைக் கொண்டு தோலில் குறித்துக்கொள்ளுங்கள். உலோகத் தகட்டின் மேல் வைக்க வேண்டாம்." பக்கத்தில் ஒரு படமும் இருக்கிறது.

இந்த வரியை நான் காணாமல் விடவில்லை அக்கா. அதைத்தான் எழுதவேண்டும். கண்டேன். முதல் பாதியை விட்டேன், ஏனென்றால் டொக்டரிடம் போ என்று எழுதினால் நீங்கள் வரிசையை நினைத்துப் பெட்டியைத் திறக்காமலே வைத்துவிடுவீர்கள் என்று பயந்தேன். இரண்டாம் பாதியில் பிளேட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத மனம் வரவில்லை. முறிந்த இடம் தழும்புக்குக் கீழேதானே இருக்கும் என்று நானாக நினைத்து, தழும்பின் நடுவில் என்று நானாக எழுதினேன். வேதத்தில் ஒன்றும் கூட்டாதே, ஒன்றும் குறைக்காதே என்று ஊருக்குப் பிரசங்கம் செய்கிறவன், அக்காவின் கை விஷயத்தில் ஒரு வரியைக் குறைத்தேன், ஒரு வரியைக் கூட்டினேன்.

அதைவிடப் பெரிய பாவம் டிசம்பரில் செய்தது. நீங்கள் கேட்டீர்கள். இஸ்திரிப் பெட்டி உதாரணத்தோடு கேட்டீர்கள். புத்தகம் என் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. திறந்திருந்தால் இன்னும் இரண்டு மாதம் மிச்சம் இருந்தது. திறக்கப் பயந்து, மனம் நொந்தது என்று எழுதி உங்கள் வாயை அடைத்தேன்.

இன்று ஞாயிறு காலை சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தாளின் பிரதி வாங்கிய இரண்டு பேரிடமும் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டேன். அது அவர்களுக்கு. உங்களுக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கவும் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

ஜொனதன்

*

அச்சுவேலி.
27.04.2025

தம்பி ஜொனதனுக்கு,

ஷாமினிக்கும் பிள்ளைக்கும் உயிர்த்தெழுந்த திருநாள் வாழ்த்துகள், பிந்திப் போயிற்று. இடுப்பு நோ குறைந்துவிட்டது. சைக்கிளை விற்கவில்லை.

ஆறு கிழமையாக உனக்கு எழுதாமல் இருந்தது கை ஏலாததால் இல்லை. இடது கை இப்போது நன்றாக எழுதும். எழுத விருப்பம் இருக்கவில்லை. எனக்குக் கோபம். தயாளினி எழுதியது எனக்குத் தெரியும், அவளுக்கு முகத்தில் ஒன்றும் மறைக்கத் தெரியாது. அவள்மேல் கோபம் இல்லை. உன்மேல்தான். அந்தத் தாளை அடுப்பில் போட்டபோது உன்னையும் கூப்பிட்டு வைத்து இரண்டு அறை விட வேண்டும்போல இருந்தது.

உனக்கு ஏன் சொல்லவில்லை தெரியுமா? இரக்கத்தால் என்று நினைத்துப் பெரிதாக அழாதே. சொன்னால் நீ அழுதுகொண்டு ஓடி வருவாய். உன்னைத் தேற்றுகிற வேலையும் என் தலையில் விழும். ஒப்பரேஷனுக்குப் போகிறவளால் அதையும் செய்ய ஏலாது.

என்மேலும் கோபம். இருபத்திரண்டு வருடம் துணி வெட்டியவளுக்கு மனதில் சந்தேகம் வந்த பிறகும், தம்பி இங்கிலீசு படித்தவன் என்று பேசாமல் இருந்தேன். ஒரு நாள் வரிசையில் நின்றிருந்தால் முடிந்த விஷயம். உன் பிழையை உனக்கே முழுவதாகக் கொடுக்கவும் எனக்கு மனமில்லை.

டொக்டரிடம் நேராகக் கேட்டேன். சரியான இடத்தில் வைத்திருந்தால் பொருந்தியிருக்குமா என்று. "அது ஆராலும் சொல்லேலாது அம்மா. சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது" என்றார். உன்னை ஆறுதல்படுத்த இதை எழுதவில்லை. அவர் சொன்னது அதுதான், அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்தார்கள். புது எலும்புத் துண்டின் ஒரு பக்கம் ஒட்டத் தொடங்கியிருக்கிறது, மறுபக்கம் இன்னும் இல்லை. டொக்டர் மணிக்கட்டின் புறங்கைப் பக்கம் மையால் வட்டம் கீறித் தந்திருக்கிறார். மெசினை இப்போது அந்த வட்டத்தில் வைக்கிறேன். எலும்பு முழுக்கப் பொருந்தினாலும் மணிக்கட்டு முன்புபோலத் திரும்பாது, பெரிய கத்தரிக்கோல் பிடிக்கிற எண்ணத்தை விடுங்கள் என்றார். கேட்டுவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்து வாங்கில் குந்தி அழுதேன். அழுது முடிய பஸ் வந்தது, ஏறி வந்துவிட்டேன்.

தயாளினி வெட்டப் பழகுகிறாள். நான் இடது கையால் சோக்கில் கீறுகிறேன், அவள் வெட்டுகிறாள். முதல் சாறிச் சட்டையில் கைக்குழியை ஒரு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டாள். துணிக்காரி, "யோசப்பின் அக்கா வெட்டினால் இப்பிடி வராது" என்றாள். "யோசப்பின் அக்கா இனி வெட்டமாட்டா" என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. வாயால் சொன்னது அதுதான் முதல் தரம்.

மன்னிப்பைப் பற்றி. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எழுதினால் நீ உன்னை ஆனை என்று நினைத்துக்கொள்வாய். அதனால் அதை எழுதவில்லை.

ஆஸ்பத்திரியில் தந்த இரண்டு பக்கத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். அடுத்த மூன்று மாதம் கையை எப்படி வைத்துக்கொள்வது, எந்தப் பயிற்சி எப்போது என்று இங்கிலீசில் போட்டிருக்கிறது. செந்தூரனிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லித் தருவான். ஆனாலும் உனக்கு அனுப்புகிறேன். தமிழில் எழுதி அனுப்பு.

யோசப்பின் அக்கா

*

பண்டாரவளை.
09.05.2025

அன்புள்ள அக்கா,

வீட்டில் எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தாளைக் கையில் எடுக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

மொத்தம் பதினான்கு வரிகள். தனித்தாளில் எண் போட்டு எழுதியிருக்கிறேன். பன்னிரண்டு வரிகள் எனக்கு விளங்கின. விளங்கியதை மட்டும் எழுதியிருக்கிறேன்.

ஆறாவது வரியில் கையைத் திருப்புகிற பயிற்சி ஒன்று இருக்கிறது. எந்தப் பக்கம் திருப்புவது என்று எனக்குப் பிடிபடவில்லை. பதினோராவது வரியில் ஒரு மருத்துவச் சொல் இருக்கிறது. அகராதியில் இரண்டு பொருள் போட்டிருக்கிறது. ஷாமினியிடம் கேட்டேன், அவளுக்கும் தெரியவில்லை. ஒரு பொருளைத் தெரிவுசெய்து எழுத இரண்டு தரம் பேனையை எடுத்தேன். வைத்துவிட்டேன். அந்த இரண்டு இடத்தையும் வெறுமையாக விட்டிருக்கிறேன். செந்தூரனிடம் கேட்டு நீங்களே நிரப்புங்கள். அவர் சொல்லும்வரை அந்த இரண்டையும் செய்யாதீர்கள்.

எனக்குத் தெரியாது, அக்கா.

உங்கள் தம்பி,
ஜொனதன்